பட்டறையில் தங்கிய முகம்

மார்செய் துறைமுகத்தில் மன்னரின் கப்பல்களுக்குத் துடுப்பு வலிக்க ஆள் போதவில்லை என்றால் விலைக்கு வாங்குவார்கள். அப்படி வந்தவன்தான் ஹம்மூதா. துனிஸ் பக்கத்துத் தீவில் மண்பானையைக் கடலுக்குள் இறக்கிப் பேய்க்கணவாய் பிடித்துக்கொண்டிருந்தவன். அது தானாகப் பானைக்குள் புகுந்துகொண்டு மாட்டுகிற பிராணி. அவனை ஒரு கொள்ளைக் கப்பல் பிடித்து விற்றது. துருக்கி எந்தத் திசையில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் மார்செயில் விலைக்கு வாங்கிய அடிமை எல்லாருமே துருக்கர்தான்; அவனும் துருக்கன். மொட்டைத்தலையில் ஒரு குடுமி, கணுக்காலில் இரும்பு வளையம்.

குளிர்காலத்தில் கப்பல்கள் கரையோரம் கட்டிக்கிடக்கும். அப்போது அவன் சிற்பி எல்சியாரின் பட்டறையில் மரம் தூக்குவான். கோடை வந்தால் துடுப்பு. போன கோடையில் பக்கத்து ஆள் துடுப்பைப் பிடித்தபடியே செத்துப்போனான். சாட்டை விழுந்தும் அசையவில்லை என்ற பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஹம்மூதாவுக்கு ஒரே ஆசை: இனிக் கடலுக்குப் போகாமல் பட்டறையிலேயே கிடந்துவிட வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் புதுக் கப்பலுக்குச் சிற்ப வேலை வந்தது. பின்மேடை வாசலில், துடுப்புக்காரர்களைப் பார்த்தபடி, சங்கிலி பூட்டிய துருக்கன் ஒருவன் மண்டியிட்டு மன்னரின் கிரீடத்தைத் தலையில் தாங்க வேண்டும். எல்சியார் செய்த துருக்கர்கள் எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். வளைந்த மூக்கு, தொங்கு மீசை.

“மேஸ்திரி, இந்தத் தடவை என் மூஞ்சியவே வச்சிடுங்க,” என்றான் ஹம்மூதா.

“ஏண்டா, உனக்கு அவ்வளவு அழகுன்னு நெனப்பா?”

“அச்சு அசல் அமைஞ்சா கேப்டன் மனசு குளிரும். அப்போ எனக்காக ஒரு வார்த்தை கேளுங்க. இவன் பட்டறைக்கு வேணும்னு.”

“கேக்குறேன். மண்டி போடு. இன்னும் கொஞ்சம் அழு. டேய், பல்வலி மாதிரி இருக்கு. தோத்தவன் மாதிரி அழுடா!”

அழுதான். அப்படியொரு அழுகையை நடிக்க அவனுக்கு அதிகப் பாடு இல்லை.

கப்பலைப் பார்க்க கேப்டன் விருந்தாளிகளோடு வந்தார். ஒரு சீமாட்டி சிற்பத்தைப் பார்த்தாள், கட்டையோடு நின்ற ஹம்மூதாவைப் பார்த்தாள், கை தட்டிச் சிரித்தாள். எல்சியார் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, இந்த ஆளைப் பட்டறைக்கே…”

“பட்டறைக்கா? நல்லா இருக்கே கதை! பொம்மைக்கு நேர் எதிரே மொத இருக்கையில உக்கார வைங்க. வர்றவங்க ரெண்டையும் ஒத்துப் பாக்கட்டும்!”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். முதல் இருக்கைத் துடுப்புதான் இருப்பதிலேயே கனமானது. விருந்தாளி வந்தால் முகத்தை நிமிர்த்த வேண்டும், அழ வேண்டும். கோடைக்குக் கோடை ஹம்மூதா தன்னையே பார்த்துக்கொண்டு வலித்தான். மன்னர் ஒருநாளும் அந்தக் கப்பலில் ஏறவில்லை. ஆனால் சிற்பத்துக்கு ஆண்டுதோறும் புதுத் தங்கப்பூச்சு நடந்தது.

பிறகு ஒரு கோடையில் சண்டைக்குப் போக ஆணை வந்தது. மன்னரின் கிரீடத்தில் குண்டு படக் கூடாதல்லவா? சிற்பத்தைக் கழற்றிக் கம்பளி சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கி வந்தவர்களில் ஹம்மூதாவும் ஒருவன். அடுப்புப் பக்கம், ஈரம் படாத இடமாகப் பார்த்து இறக்கி வைத்தான்.

“மேஸ்திரி, நீங்க அன்னைக்குக் கேட்டது கெடச்சிருச்சு பாருங்க,” என்றான். “ஆள்தான் மாறிப்போச்சு.”

ஹம்மூதா கப்பலுக்குப் போனான்.

இலையுதிர்காலத்தில் கப்பல் திரும்பியபோது முதல் இருக்கையில் வேறொருவன் இருந்தான். வேடிக்கை கெட்டுப்போன வருத்தத்தோடு கேப்டன் பட்டறைக்கு வந்தார்.

“எல்சியார், பொம்மை மூஞ்சியக் கொஞ்சம் செதுக்கி இந்தப் புது ஆள் மாதிரி ஆக்கிடுங்க.”

“முடியாதுங்க ஐயா,” என்றார் எல்சியார். “மரம் காய்ஞ்சு இறுகிப்போச்சு. இனிமே உளி ஏறாது.”

அது பொய். கேப்டன் போன பிறகு அவர் உளிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சிற்பத்தின் முகத்தில் படிந்திருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.