அரிக்காத கால்

சக்குபள்ளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அட்டைக்கடி பெரிய விஷயமே இல்லை. சாயங்காலம் காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவி, அவரவர் காலை அவரவர் பார்த்துக்கொள்வோம். புகையிலைத்தூளும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு போனாலும் இரண்டு மூன்றாவது ஒட்டியிருக்கும். கடிக்கும்போது ஒன்றும் தெரியாது. பிய்த்து எறிந்துவிட்டு லயத்தில் எங்கள் அறைக்கு வந்த பிறகுதான் அரிப்பு ஆரம்பிக்கும். ஒரு வாரம் சொறிந்துகொண்டே கிடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அந்த அரிப்பு நின்றுபோனது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது நாற்பத்தைந்து வயதில். மருந்தடிக்கிற வேலையிலிருந்து கங்காணி ஆனபிறகு, மேடும் பள்ளமும் ஏறி இறங்குவது குறைந்து, குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது கூடியிருந்தது. தொப்பையும் கூடியிருந்தது. தாகம், அடிக்கடி ஒதுங்கப் போவது, சும்மா இருக்கும்போதே அசதி. வெயில் தாங்கவில்லை என்றார். எங்கள் மலையில் என்ன வெயில்? நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மலையாளத்து டாக்டர். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி ஒருமாதிரி தமிழ் பேசுவார். "அப்பாவுக்கு ஷுகர் உண்டா?" என்று முதலில் கேட்டார். என் மாமனாருக்கு இருந்தது. அந்தக் காலத்தில் யாரும் பெயர் வைத்து மருந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இனிப்பு தின்றதால் மட்டும் வருகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். குடும்பத்தில் இருப்பது, வயிறு பெருப்பது, உடம்பு அசையாமல் இருப்பது. எல்லாம் சேர்ந்தால், உள்ளே இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காதாம்.

"ஒங்க ஒடம்பு அப்படியே ஒங்கள மாதிரிதான்" என்றேன். டாக்டரே சிரித்துவிட்டார்.

மாத்திரை இரண்டு வேளை, சோறு பாதி, தினமும் நடை. கடைசியாக, "கால் தினமும் பார்க்கணும்" என்றார். வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். காலைப் பார்க்காமல் இந்தத் தோட்டத்தில் யார் ஒருநாள் இருந்திருக்கிறார்கள்? நாங்கள் பார்த்தது அட்டையைத்தான், காலை இல்லை என்று அப்போது தெரியவில்லை.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தார். பால் இல்லாத கட்டன் சாயாவுக்குக்கூடச் சர்க்கரை கிடையாது. ஆனால் கப்பக்கிழங்கு அவித்தால் ஒரு தட்டு நிறைய வேண்டும். "இதுல எங்க இனிப்பிருக்கு, நீயே தின்னு பாரு" என்பார். நானும் தின்று பார்த்துவிட்டு இன்னொரு துண்டு வைப்பேன். போனில் வந்த வீடியோவைப் பார்த்துப் பாகற்காய்ச் சாறும் குடித்தார்.

ஒரு மழைக்காலத்தில்தான் அரிப்பு நின்றது. கணுக்காலைச் சுற்றிக் கடித்த தடம் இருந்தது. சொறியவில்லை. நன்றாகத் தூங்கினார். அடுத்த நாள் ஸ்டோர் வாசலில் காலை நீட்டி எல்லோருக்கும் காட்டினார். "பாத்தீங்களா? ரத்தம் சுத்தமாயிருச்சு. கெட்ட ரத்தமா இருந்தாத்தான அரிக்கும்."

கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய் எடுக்க வருகிற பெண்கள் வந்து பார்த்தார்கள். "எங்க வீட்டு மனுசனுக்கும் பாகக்காய்ச் சாறு குடுத்துப் பாக்கணும்ணே" என்றாள் ஒருத்தி. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரமே மாத்திரையை நிறுத்தினார். நானும் வற்புறுத்தவில்லை. நோய் போன பிறகு மருந்து எதற்கு என்றுதான் நினைத்தேன். கால் மரத்துப்போனவனுக்கும் அரிக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போன காய் எடுப்பின்போது ஒரு சாயங்காலம், பூட்ஸைக் கவிழ்த்தார். புளியங்கொட்டை அளவு கல் ஒன்று விழுந்தது. சாக்ஸ் அடியில் ரத்தமாக இருந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே மலை முழுக்க நடந்திருக்கிறார்.

"வலிக்கலையா?"

"இல்லியே" என்றார். அப்போதும் சிரித்தார்.

மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டேன். காய் எடுப்பு முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். நானும் சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எட்டாம் நாள் வீட்டுக்குள் நாற்றம் அடித்தது. அவருக்கு வலி அப்போதும் இல்லை.

இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். இன்சுலின் ஊசி போட எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காலையும் மாலையும் அவர் வயிற்றைப் பிடித்து நான் குத்துகிறேன். அவர் சுவரைப் பார்த்துக்கொள்கிறார். இருபது வருஷம் என்னிடம் வாயடித்த மனிதர் இப்போது சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் மறுபடி போனோம். வெட்டிய இடம் மெதுவாகத்தான் ஆறுகிறது என்றார் டாக்டர். வலது காலைப் பார்க்க வேண்டும் என்றார். அதிலாவது உணர்ச்சி இருந்தால், பார்த்து நடந்தால், காயம் ஆறிய பிறகு வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் மலை ஏறவே கூடாது. மலை இல்லையென்றால் எங்களுக்கு வேலை இல்லை, லயத்தில் அவர் வேலைக்காகக் கொடுத்த அந்த ஒற்றை அறையும் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டு அவர் கட்டிலில் படுத்தார்.

டாக்டர் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்கோ. தொடும்போ மாத்ரம் சொல்லணும்."

நான் தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்திருந்தேன். நூல் குதிகாலில் பட்டு வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்காலில் பட்டது. ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் நூலைக் காலில் படாமல் தூக்கிப் பிடித்தார்.

"தெரியுது சார்" என்றார் அவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அடுத்து நூல் படும்போது நான் இவர் கையை லேசாக அழுத்தினால் போதும், சரியாகச் சொல்லிவிடுவார். விரல் வரைக்கும் வந்துவிட்டது அந்த எண்ணம். அழுத்தினால் பூட்ஸுக்குள் இன்னொரு கல்லை நானே எடுத்துப் போட்ட மாதிரி ஆகும். அழுத்தாவிட்டால் எங்கே போவோம் என்று தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

டாக்டர் நூலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். இவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "இப்ப பெருவிரல்ல தெரியுது சார்" என்றார்.