பூனைக்காலிக்கு ஏழு தண்ணி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்றைக்கும் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று விரலால் காற்றில் போட்டுப் பார்த்துத்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சபையின் ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி, "ஆச்சி, அந்தப் பயறு சமையல நீங்களே ஒங்க கையால எழுதிக் குடுங்க, சபைப் பத்திரிகையில போடுவோம்" என்று கேட்டதால்தான் இந்தத் துணிச்சல். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்குக் கால் நடுங்கும். எழுத்தில் அந்தச் சங்கடம் இல்லை. படிக்கிறவர்களின் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில், கேட்டதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதிவிட்டேன்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற அரிசிக்கெல்லாம் பொன்னி, சம்பா என்று பெண்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேலியோரத்தில் தானாக முளைக்கிறதற்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நாயுருவி, நரிப்பயறு, பூனைக்காலி, குதிரைவாலி. நாய், நரி, பூனை, குதிரை. அதையெல்லாம் தின்று வளர்ந்த எங்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை. இதில் குதிரைக்கு மட்டும் இப்போது நல்ல காலம் வந்து, பொட்டலத்துக்குள் ஏறிக் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் இன்னும் வேலியோரத்தில்தான்.

நான் மாஞ்சோலையில் தேயிலை கிள்ளியவள். தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்து எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது நானும் இறங்கினேன். இப்போது தச்சநல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். வீடு மகனுடையது, சமையலறை மருமகளுடையது. மருமகளின் தாயார் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சம்பந்தி முறையில் நாங்கள் ஒருவரை ஒருவர் மைனி என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஊருக்கெல்லாம் அவர்கள் டீச்சர், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். பெண்கள் சங்கத்தில் புதிதாக யாராவது வந்தால் டீச்சர் என்னைக் காட்டி, "நம்ம பிள்ள வீட்டுல ஒத்தாசைக்கு இருக்காங்க" என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒத்தாசைதான் செய்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு டீச்சருக்குத் திருத்துவதற்கு நோட்டு இல்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்துச் செல்போனில் யாரோ காட்டு விதைகளைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் இதுவரை தின்றதெல்லாம் விஷம் என்று ஆகிவிட்டது. இந்த வருடம் அறுப்பின் பண்டிகையன்று பெண்கள் சங்கத்துக்குத் தனி மேசை போட்டு, 'விதைக்காமல் விளைந்தவை' என்று எழுதி வைத்து, அந்தச் சாப்பாட்டைப் பரிமாறுவது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை டீச்சர் போட்டார்கள். விதையை நான் பொறுக்கினேன்.

நாயுருவியைப் பறிக்கவே வேண்டாம். வாய்க்கால் கரையில் அதன் பக்கமாக நடந்துவிட்டு வந்தால் பாதி சேலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காயவைத்து, முறத்தில் கசக்கிப் புடைத்தால் சீரகத்தைவிடச் சின்னதாக அரிசி தேறும். இதைப் பொங்கித் தின்றால் பசி எடுக்காது என்பார்கள். மழை பிடித்துக்கொண்டு வேலை நின்ற வாரங்களில் நாங்கள் அதற்காகத்தான் தின்றோம். டீச்சர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "மைனி, இது எட கொறைக்கும்லா!" என்று சந்தோஷப்பட்டார்கள். நாங்கள் வயிற்றை அடக்கிய அரிசி இப்போது இடுப்பை அடக்கப் போகிறது.

நரிப்பயறு, பிசான நெல் அறுத்த வயலில் தரையோடு படர்ந்து கிடக்கும். வெயில் ஏறினால் காய் வெடித்துவிடும், வெள்ளென எழுந்து போக வேண்டும். டீச்சர் எட்டு மணிக்குக் குடையோடு வந்தார்கள். அதற்குள் நான் மடி நிறையப் பறித்திருந்தேன். அதைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

பூனைக்காலி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தின்மேல் ஏறிக் கிடந்தது. காய் முழுக்கப் பொன் நிறத்தில் மயிர் இருக்கும். பார்த்தால் தடவத் தோன்றும். தடவினால் அரிப்பு பிடுங்கிவிடும். பனி ஈரம் காய்வதற்குள் கொக்கியால் இழுத்துப் போட்டு, நெருப்பில் வாட்டி மயிரைப் பொசுக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

"தொடாதீங்க மைனி" என்றேன்.

"ஏன், பூனை கடிக்கவா செய்யுது?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கொத்தைக் கன்னத்தோடு சேர்த்து வைத்து, மருமகளிடம் படம் எடுக்கச் சொன்னார்கள். படம் நன்றாக வந்தது. பிறகு மூன்று நாள் கன்னத்தில் கற்றாழையைத் தடவிக்கொண்டு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார்கள்.

அதற்கடுத்துப் பெயர் சூட்டு விழா. "கோயில்ல போயி நாயி நரின்னு எழுதி வைக்க முடியுமா மைனி? குருவானவரு என்ன நெனப்பாரு?" என்றார்கள். நாயுருவிக்கு 'அமைதி அரிசி', நரிப்பயறுக்கு 'வயல்முத்து', பூனைக்காலிக்குக் 'கருமணிப் பயறு' என்று எழுதி, பிளாஸ்டிக் ஒட்டிய அட்டைகள் வந்துவிட்டன. அந்தப் பெயர்களை எனக்கும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்குப் பெயரைச் சொல்வது என் வேலை. சமையல் டீச்சர் வீட்டில்.

பக்குவம் என்னவென்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "நரிக்கு ஒரு தண்ணி போதும் மைனி. பூனைக்கு ஏழு தண்ணி" என்றேன். ஏழு என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டார்கள். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைக்க வேண்டும். இப்படி ஏழு தடவை. இல்லாவிட்டால் தலை சுற்றும், வாந்தி எடுக்கும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். இதை டீச்சரிடம் விளக்க எனக்குத் தோன்றவில்லை. வயலுக்கு நாலு தண்ணி பாய்ச்சினேன் என்று ஒருவர் சொன்னால், நாலு டம்ளரா என்று யாராவது கேட்பார்களா?

பண்டிகையன்று ஆராதனை முடிந்து, கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டோம். பூனைக்காலி இருந்த மூன்றாவது சட்டியைத் திறந்தேன். ஏழு தண்ணி கண்ட பயறு தோல் கழன்று வெளுத்திருக்க வேண்டும். இது கரிக்கட்டை மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பானையில் மைத்தண்ணி நிறத்தில் ரசம்.

"மைனி, இது எத்தன தண்ணி?"

"நீங்க சொன்ன மாதிரித்தான். ஒரு டம்ளர் பயறுக்கு ஏழு டம்ளர் தண்ணி. குக்கர்ல பன்னெண்டு விசில்."

"வடிச்ச தண்ணி?"

"அதுலதான சத்து பூரா இருக்கு? கொட்ட முடியுமா? ரசம் வச்சிட்டேன்."

"மைனி, ஏழு தண்ணின்னா மாத்தி மாத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"பைய, மைனி. எல்லாரும் பாக்காங்க. நான் இப்பதான் ஒரு டம்ளர் ரசம் குடிச்சேன், எனக்கு என்ன ஆயிட்டு? இத்தன வருசம் பள்ளிக்கூடம் நடத்துனவளுக்கு ஒரு பயறு அவிக்கத் தெரியாதா? ஒங்களுக்குப் பேரு ஞாபகம் இருக்குல்லா?"

"கருமணிப் பயறு" என்றேன்.

"குட்" என்றார்கள்.

தட்டுகளைக் கொண்டுவந்து வைத்த மருமகள் என் காதருகே குனிந்து, "அத்தை, இன்னைக்கு மட்டும் அம்மா மொகம் வாடுத மாதிரி எதுவும் சொல்லிராதீங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் முகம் கோணினால் நான் போவதற்கு மலையில் வீடு இல்லை. வள்ளியூரில் தங்கை இருக்கிறாள், அவளே மகள் வீட்டில் ஒரு கட்டில் அளவு இடத்தில் இருக்கிறாள்.

அதற்குள் வரிசை வந்துவிட்டது. ஐயரம்மாதான் முன்னால். பின்னால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்கொரு தட்டோடு. மூன்றாவதாக நின்றது என் பேத்தி. அவள் அங்கே இல்லாமல், முழுக்க மற்றவர்கள் பிள்ளைகளாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று பலநாள் யோசித்துவிட்டேன். திறந்திருப்பேன் என்றுதான் எழுத ஆசை.

"இது என்ன ஆச்சி?" என்று ஐயரம்மா கேட்டார்கள்.

"அமைதி அரிசி."

"இது?"

"வயல்முத்து."

"இது?"

"கரு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. டீச்சர் அந்தப் பக்கமிருந்து உதட்டை அசைத்து எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள்: மணிப் பயறு, மணிப் பயறு.

"பூனைக்காலி" என்றேன்.

நான் கத்தவில்லை. பெயரைத்தான் சொன்னேன். ஐயரம்மா களக்காட்டுப் பக்கம் பிறந்தவர்கள், அவர்களுக்கு அந்தப் பெயர் போதும். நீட்டிய தட்டு நெஞ்சுக்குப் போய்விட்டது. "பூனைக்காலியா! எத்தன தண்ணி ஆச்சி மாத்துனீங்க?"

"ஒண்ணு."

"ஏட்டி, பிள்ளைகளா! தட்டக் கீழ வைங்க! ஒருத்தரும் தொடப்பிடாது!"

வரிசைக்கு வராமல் டீச்சரிடம் ரசத்தை மட்டும் வாங்கி வாய்வரைக்கும் கொண்டுபோயிருந்த சபை ஊழியர் உபதேசியார் டம்ளரை எட்டப் பிடித்துக்கொண்டு, "என்ன வே இது, ரசம்னுல்லா சொன்னாவ!" என்றார்.

டீச்சர் சிரித்தார்கள். "அவங்களுக்கு வயசாயிட்டு. பேர மாத்திச் சொல்லுதாங்க. அது கருமணிப் பயறு. நான் குடிச்சி..." என்று சொல்லும்போதே முகம் வெளிறியது. வாயைப் பொத்திக்கொண்டு செம்பருத்தி வேலிப் பக்கம் போனார்கள். என் பக்கத்துக்கு அன்றைக்குச் சாட்சி சொன்னது அவர்கள் குடித்த ஒரு டம்ளர் ரசம்தான். பயறும் ரசமும் தென்னைமூட்டில் குழி வெட்டிப் போயின. பிள்ளைகள் துக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஆட்டுக்கறியும் சோறும் ஆவி பறந்துகொண்டிருந்தது, ஓடிவிட்டார்கள்.

டீச்சர் இரண்டு நாள் படுத்திருந்தார்கள். வெயில் என்று சொல்லப்பட்டது. மகன் வந்து, "ஏம்மா, நாலு பேரு முன்னாலயா? தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். தனியாகத்தான் சொன்னேன் என்றேன். "அப்ப சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றான். அவன் அலுவலகத்திலும் இப்படித்தான் வேலை பார்க்கிறான் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் மருமகள் எனக்குச் சோற்றைத் தட்டில் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் இரண்டு சேலையைப் பையில் மடித்து வைத்தேன். மருமகள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"எங்க?"

"தங்கச்சிய எட்டிப் பாத்துட்டு வாரேன்."

"வள்ளியூருக்கு ரெண்டு சேல எதுக்கு?" பையை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "பிள்ள தட்ட நீட்டிக்கிட்டு நின்னா. அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்று பீரோவைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு சோறு சத்தமில்லாமல் விழுந்தது.

சனிக்கிழமை டீச்சர் வந்தார்கள். கையில் மிச்சமிருந்த பூனைக்காலி, நோட்டு, சிவப்புப் பேனா. "ஏழு தண்ணின்னா தெளிவாச் சொல்லியிருக்கணும்லா மைனி" என்று சொல்லிக்கொண்டே அடுப்பருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். மன்னிப்பு என்பது அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் கிடைத்தால் எங்கே வைப்பதென்று தெரியாது.

பயறை முந்தின நாளே ஊறப் போட வேண்டும். முதல் தண்ணி கறுப்பாக வரும், கொட்டிவிட வேண்டும், ரசம் கூடாது. மூன்றாவது தண்ணியில் தோல் கழலும், பிதுக்கி எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு தண்ணி தெளிந்துகொண்டே வரும். கடைசித் தண்ணியில் உப்பு. கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூ போட்டால், மொச்சைக்கும் பலாக்கொட்டைக்கும் நடுவில் ஒரு ருசி. ஒவ்வொரு தண்ணியை நான் வடிக்கும்போதும் டீச்சர் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி எண்ணைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் ஒரு கோடு போட்டார்கள். வெந்த பயறை முதலில் என்னைத் தின்னச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரைமணி கழித்து அவர்கள் தின்றார்கள். "உப்புக் கம்மி" என்றார்கள்.

இப்போது ஒரு சிக்கல். டீச்சர் நோட்டில் ஏழு கோடு இருக்கிறது. என் விரல் கணக்கில் எட்டு வருகிறது. நடுவில் அவர்கள் போன் பேச எழுந்து போனபோது நான் ஒரு தண்ணி மாற்றினேனா, மாற்ற நினைத்ததோடு சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. மலையில் ஏழு என்று சொன்னதுதான் ஞாபகம், ஆனால் என் ஞாபகத்தை நம்பி யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே ஐயரம்மாவோ, களக்காட்டுப் பக்கம் இதை இன்னும் தின்கிறவர்களோ அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை சரிபார்த்துத் தர வேண்டும். சுழிகளையும் திருத்திக்கொள்ளுங்கள். நாய், நரி, பூனையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணி என்று நான் எழுதிய இடத்தில் யாராவது டம்ளர் என்று திருத்தியிருக்கிறார்களா என்றும் தயவுசெய்து பார்க்கவும்.