பங்களாப் புல்லில் ஒரு குளியல்

என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு கலந்துகொண்ட போராட்டம் ஒன்றே ஒன்றுதான். குளிக்காமல் இருக்கும் போராட்டம்.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. எண்பதுகளின் ஒரு வறட்சிக் காலம். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எல்லாரும் மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அது ஆற அமர வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடலுக்கு அருகில் உள்ள தோட்டம். பாரிட் என்று நாங்கள் சொல்லும் வாய்க்காலில் தண்ணீர் கறுத்து, உப்புக் கரித்துக் கிடந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு நல்ல தண்ணீர் என்றால் ஆபீஸ் தாங்கியிலிருந்து வரும் பைப்புத் தண்ணீர்தான். தாங்கியில் மட்டம் இறங்கியதும் துரை உத்தரவு போட்டார்: லயத்துப் பைப்பு சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும். அவருடைய பங்களா மேட்டில் இருந்தது. உத்தரவுக்கு மேடேற மூச்சு வாங்கியிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேரவில்லை. பங்களாப் புல்தரைக்குத் தினமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மருந்து அடிக்கிற வேலை பார்த்தார். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை நிரைகளில் களைக்கொல்லி அடிக்க வேண்டும். காட்டில் புல் சாக வேண்டும், பங்களாவில் புல் வாழ வேண்டும். தோட்டத்து நியாயம் அது. நடுப்பகலில் வேலை விட்டதும் அத்தை நேரே பைப்படிக்குப் போய், உடுத்திய கைலியோடு குளித்து, ஈரத் தலையோடு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இது கௌரவக் குறைச்சல் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உத்தரவு வந்த மறுநாள் அத்தை ஆபீசுக்குப் போய், கணக்கெழுதும் கிராணியின் மேசை முன்னால் நின்றார். வால் மாதிரி நானும் போனேன்.

"கிராணி ஐயா, மருந்து அடிச்சிட்டு வர்றோம். கையெல்லாம் எரியுது. வேலை விடுற நேரத்துக்குப் பைப்பைத் தொறக்கச் சொல்லுங்க."

கிராணி துரையின் அறைக்குள் போய்விட்டுத் திரும்பினார். "தண்ணி குடிக்கத்தானாம். குளிக்கிறதைக் கொறைச்சுக்கச் சொல்றாரு."

"அவ்வளவுதானே லா? கொறைக்கிறது என்ன, நிறுத்தியே புடுறோம். துரை மூக்குக்கிட்ட சொல்லி வைங்க."

அன்றே லயம் முழுக்கக் குளியல் நின்றது. தலைவர்களைவிடத் தீவிரமான தொண்டன் ஒருவன் எல்லாப் போராட்டத்திலும் இருப்பான். இங்கே அது நான். ஆசிரியர் என்னை ஜன்னலோரத்துக்கு மாற்றினார். பிறகு ஜன்னலோரத்திலிருந்து வாசலோரத்துக்கு. முகமாவது கழுவு என்று அம்மா சொன்னபோது, "போராட்டம்மா!" என்று முழங்கினேன்.

"போராட்டம் இல்லாதப்ப மட்டும் ஒழுங்கா குளிச்சுக் கிழிச்சே," என்றார் அம்மா.

ஒரே ஒரு வருத்தம். வேலை விட்டு வரும் அத்தை இப்போது வீட்டுக்குள் வராமல் பாரிட் பாலத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப் போனால், "கிட்ட வராத! நாத்தம்! அங்கயே நில்லு!" என்று கத்தினார். நான் என் கையை மோந்து பார்த்தேன். அத்தையையே விரட்டிவிட்ட நாற்றம்! நெஞ்சு நிமிர்ந்தது.

வாரக் கடைசியில் மருந்துக்காரப் பெண்கள் வேலை முடிந்து லயத்துக்கு வரவில்லை. நேரே மேடேறி, பங்களாவின் ஈரப் புல்லில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் நாங்கள், பிள்ளைகள் பட்டாளம். தோட்டக்காரர் கையில் பைப்போடு சிலையாக நின்றார். துரை மூக்கில் கைக்குட்டையோடு வாசலுக்கு வந்தார். கிராணி ஓடி வந்தார்.

"எந்திரிங்கம்மா! இது துரை வீட்டுப் புல்லு!"

"எங்களையும் புல்லுன்னு நெனைச்சுக்கங்க. புல்லுக்குத்தானே இங்க தண்ணி?" என்றார் அத்தை.

"வேலை போயிரும்!"

"போகட்டும். நாளைக்குப் பம்பை நீங்க தூக்குங்க. முதுகைக் காட்டுங்க ஐயா, மாட்டி விடுறேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கிராணி ஓரடி பின்வாங்கினார். அத்தை தோட்டக்காரரைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பைப்பை இங்கிட்டுத் திருப்புங்க," என்றார்.

அவர் துரையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். திருப்பினார்.

அத்தை சட்டைக் கையைச் சுருட்டித் தண்ணீரில் நீட்டினார். முழங்கை வரை தோல் சிவந்து, வெடித்து, உரிந்திருந்தது. துரையின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. திரும்பி உள்ளே போனார். பைப்பை மூடு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மறுவாரத்திலிருந்து லயத்துப் பைப்பு நடுப்பகலிலும் திறந்தது. பங்களாப் புல் வைக்கோல் நிறமானது.

ஆனால் அன்று மேட்டில் என் கவலை வேறு. எல்லாரும் குளிக்கத் தொடங்கிவிட்டார்கள்! "போராட்டம் இன்னும் முடியல!" என்று கத்திக்கொண்டு புல்தரையைச் சுற்றி ஓடினேன். "புடிடி அதை!" என்று துரத்திப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினார்கள். "அத்தே, காப்பாத்து!" என்று அலறினேன். அத்தை ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. தன் கையையும் கழுத்தையும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். துரோகி!

எல்லாம் முடிந்த பிறகு அத்தை தன் உள்ளங்கைகளை மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார். மறுபடி மோந்தார். அப்புறம்தான் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்.

"இப்ப நாத்தம் இல்லையா அத்தே?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. போயிருச்சு."

அந்த வாரம் முழுக்க அத்தையை எட்டவே நிற்க வைத்தது என் நாற்றம்தான் என்று நான் வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.