பூட்டுக்கு வீடு பாத்த கதை

மீட்டர் அண்ணனுக்கு அப்பா அம்மா வச்ச பேரு என்னன்னு அவர் பொண்டாட்டிக்கே யோசிச்சாதான் ஞாபகம் வரும். பழைய பைக் வாங்கி விக்கிற கடை வச்சிருந்தார். ஊரெல்லாம் சுத்தி ஓஞ்சுபோன வண்டி அவர் கடையில ஒரு பொழுது தங்கினா போதும், மீட்டர்ல பாதி கிலோமீட்டர் காணாமப் போயிருக்கும். "ஒரே ஓனருங்க. வாத்தியார் வச்சிருந்தது. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் தவிர வெளிய எடுத்ததே இல்ல"ம்பார். அந்த வாத்தியார் ஒருத்தரே எத்தன வண்டிதான் வச்சிருந்தாரோ, பாவம். ஏமாந்தவங்கெல்லாம் ஒண்ணு சேந்து ஒரு நாள் கடை வாசல்ல வந்து நின்னாங்க. அன்னைக்கோட ஷட்டர் எறங்கிருச்சு.

வீட்ல சும்மா உக்காந்து ரிமோட்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்த மனுஷனை, பொண்டாட்டிதான், அது சமையல் வேலை பாக்குற எடத்துக்கு இழுத்துட்டுப் போச்சு. சமையல்னா மனுஷங்களுக்கு இல்ல. வேண்டாம்னு தெருவுல விட்டுட்டுப் போன நாய், பூனைங்களை எடுத்து வச்சு, வைத்தியம் பாத்து, நல்ல வீடாத் தேடிக் குடுக்கிற காப்பகம் அது. அண்ணன் பொண்டாட்டி, அந்தக்கா, பெரிய குண்டான்ல சோறும் கறியும் வேகவைக்கும். இவருக்குக் கூண்டு கழுவுற வேலை. ஆனா வாய் சும்மா இருக்குமா? யாராச்சும் நாய் பாக்க வந்தா போதும், தொடப்பத்தைப் போட்டுட்டு ஓடிருவார்.

"ரெண்டே வயசுங்க. ஒரே ஓனரு."

அந்த நாய்க்கு மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கும். "நரை இல்லீங்க, கலரே அப்படி"ம்பார். கூட்டிட்டுப் போனவங்க அடுத்த வாரமே திரும்பக் கொண்டாந்து விடுவாங்க. காப்பகத்துல வைத்தியம் பாக்குற டாக்டரம்மா தலையில அடிச்சுக்கும். "அண்ணே, நாய்க்குமா மீட்டரைத் திருப்புவீங்க? பல்லைப் பாத்தா தெரியாதா?"

இப்படி இருக்கிறப்பதான் பூட்டுங்கிற நாய் வந்துச்சு. காப்பிப்பொடி நெறம், ஒரு காது மட்டும் மடங்கிக் கெடக்கும். வீடு காலி பண்ணிட்டுப் போனவங்க கட்டில், பீரோ, பூந்தொட்டி வரைக்கும் லாரியில ஏத்திட்டு, இதை மட்டும் உள்ள விட்டு வெளிக்கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. பக்கத்து வீட்லருந்து போன் வந்து, மீட்டர்தான் சுவரேறிக் குதிச்சுத் தூக்கிட்டு வந்தார். அதுலருந்து அதுக்கு ஒரு பழக்கம். யாரு வாசப்பக்கம் நடந்தாலும் பின்னாடியே போய் துணியைக் கவ்விக்கும். கடிக்காது, கத்தாது. புடிச்சா புடிச்சதுதான், வுடாது. அதனாலதான் அந்தப் பேரு.

மொதல்ல ஒரு ஆபீஸ்காரர் கேட்டார். "ரொம்பப் பாசமான நாய் சார்"னு சொல்லி அனுப்பினார் மீட்டர். ஒரே வாரத்துல, கிழிஞ்ச பேண்டோட திரும்ப வந்தார் ஆபீஸ்காரர். ரெண்டாவதா புதுசாக் கல்யாணமான ஜோடி. அங்க என்னாச்சுன்னா, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்த மாமியாரு வெளிய போக முடியாம அன்னைக்கு அங்கயே தங்கிருச்சு. அந்த மருமக நாயைக் கொண்டாந்து விட்ட வேகம் இருக்கே, அதை எழுத்துல சொல்ல முடியாது. மூணாவது ஒரு டியூஷன் டீச்சர். பாடம் முடிஞ்சும் ஒரு புள்ளை வீட்டுக்குப் போகல. பெத்தவங்க டார்ச்சோட தேடி வந்துட்டாங்க.

மூணாவது தடவை திரும்பி வந்ததும் பூட்டு கூண்டுல சுவரைப் பாத்துப் படுத்துருச்சு. வாசலைத் திரும்பிப் பாக்கல. யார் துணியையும் புடிக்கல. காப்பகத்துப் பொறுப்பு மேடம் வந்து பாத்துட்டு, "இனி ஒரு தடவை திரும்பி வந்தா இதைப் பின்னாடி ஷெட்டுக்கு மாத்திருவேன்ணே. யாருக்கும் காட்ட வேண்டாம். தெனம் தெனம் ஒடைஞ்சு போறதுக்கு, கடைசி வரைக்கும் அங்கயே கெடக்கட்டும்"னு சொல்லிட்டாங்க.

அந்தக்கா தொடாத தட்டை எடுத்துட்டு வந்து மீட்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு.

"பாருங்க. நல்லாப் பாருங்க. அதை ஒரு வாட்டி விட்டுட்டுப் போனது லாரியில போனவங்க. மூணு வாட்டி விட வச்சது உங்க வாய்."

"நான் என்னடி பண்ணேன்? நல்லதாத்தானே சொன்னேன்?"

"பைக்குக்கு அழத் தெரியாது. அதனால தப்பிச்சீங்க."

மீட்டர் தட்டை வாங்கிக்கிட்டார். பூட்டு கூண்டு முன்னாடி போய் ரொம்ப நேரம் குத்தவச்சு உக்காந்திருந்தார்.

மறுநாள்லருந்து உண்மை பேச ஆரம்பிச்சார். பழக்கமில்லாத வேலை, மூச்சு வாங்குச்சு. "சார், இது வேண்டாம். உங்களை வேலைக்குப் போக விடாது." "அம்மா, அந்தப் பூனை பாக்கத்தான் சாது, திரையெல்லாம் கிழிக்கும்." வந்தவங்க செருப்பை மாட்டிட்டுக் கெளம்பிட்டாங்க.

மேடம் கூப்பிட்டு, "என்னண்ணே, வர்றவங்களையெல்லாம் வெரட்டிட்டிருக்கீங்க?"ன்னாங்க.

"உள்ளதைச் சொன்னா ஓடுறாங்க மேடம். நான் இத்தன வருஷம் பொய் சொன்னது சும்மாவா?"

அப்புறம் ஒரு நாள் ஒரு தையக்காரம்மா வந்துச்சு. கழுத்துல இஞ்ச் டேப்பு தொங்குது, தலைமுடியில நூலு ஒட்டியிருக்கு.

"அண்ணே, நல்லாக் கத்துற நாய் ஒண்ணு வேணும். எங்கப்பா பஸ் கண்டக்டரா இருந்தவரு. ரிட்டையராகி வருஷக்கணக்காச்சு. இப்ப எல்லாம் மறந்து போச்சு, டூட்டி மட்டும் மறக்கல. கதவு தொறந்தா போதும், பையை மாட்டிட்டுக் கெளம்பிருவாரு. போன வாரம் ரோட்டு நடுவுல நின்னு லாரியை விசிலடிச்சு நிறுத்தியிருக்காரு. தாப்பா போட்டா அழுவுறாரு. நான் மெஷின்ல உக்காந்தா சத்தம் கேக்காது. நாய் கத்துனா ஓடி வந்து புடிச்சுருவேன்."

மீட்டர் கத்துற நாய்ங்க பக்கம் கூட்டிட்டுப் போனார். போற வழியில பூட்டு கூண்டு. அந்தம்மா நின்னுருச்சு. "இது?"

"இதையா? வேண்டாம் தங்கச்சி. இது கத்தவே கத்தாது. வேற வெவகாரம். வாசப்பக்கம் யாரு போனாலும் துணியைக் கவ்விக்கும். மூணு வீட்லருந்து திரும்பி வந்துருச்சு."

"கடிக்குமா?"

"கடிக்காது. வுடாது, அவ்ளோதான். மாமியாரையே வுடலன்னா பாத்துக்கோ. வா, உனக்கு நான் வேற..."

"அண்ணே, செத்த நில்லுங்க. வெளிய போறவங்களை வுடாதா?"

அந்தம்மா கேட்ட அப்புறம்தான் மீட்டருக்கே மண்டையில ஏறுச்சு. ஆனாலும் இந்தத் தடவை அவசரப்படல. "ஓட்டிப் பாக்காம வண்டி எடுக்காத தங்கச்சி. நானே கூட்டிட்டு வரேன். சரிப்படலன்னா அங்கருந்தே திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன்"னார்.

கூட்டிட்டும் போனார். ஒரு ரூம்ல தையல் மெஷின், துணிக்குவியல். பெரியவர் நாற்காலியில உக்காந்திருந்தார். மூலையில போய்ப் படுத்த பூட்டு தலையைத் தூக்கவே இல்ல. நாய் அந்தப் பழக்கத்தையே விட்டுருச்சோன்னு மீட்டர் குனிஞ்சு குனிஞ்சு பாத்தார்.

அந்தம்மா கதவைத் தொறந்து வச்சுது. பெரியவர் எழுந்தார். சட்டைப் பட்டனைப் போட்டார், தோள்பையை மாட்டினார், வாசலைப் பாத்து நடந்தார். ஒரு காலு வெளிய வச்சாச்சு.

மூலையிலருந்து மடங்கின காது நிமிந்துச்சு. பூட்டு மெதுவா எழுந்து வந்து, பேண்ட் ஓரத்தைக் கவ்விக்கிட்டு அப்படியே உக்காந்துருச்சு.

பெரியவர் இழுத்துப் பாத்தார். வரல. குனிஞ்சு மொறைச்சார். பை வாரைக் கையில சுத்தி ஓங்கினார். அந்தம்மா "அப்பா!"ன்னு கத்துச்சு. மீட்டருக்குக் கண்ணு தானா மூடிக்கிச்சு.

"யோவ், படியில உக்காராத"ன்னு ஒரு அதட்டல் கேட்டுச்சு. "உள்ள எடம் இருக்குல்ல? உள்ள வா."

கண்ணைத் தொறந்து பாத்தா, பெரியவர் நாயைக் கூட்டிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போறார். உக்காந்து, பையைத் தொறந்து, ஒரு பழைய காயிதத்தைக் கிழிச்சு அது முன்னாடி வச்சார். "பத்திரமா வச்சுக்க. செக்கிங் வருவாங்க." பூட்டு அவர் ஷூ மேல தாடையை வச்சுப் படுத்துக்கிச்சு. தையக்காரம்மா மெஷின்ல போய் உக்காந்து, தைக்காம சும்மா மிதிச்சுக்கிட்டு அழுதுச்சு.

அதுக்கப்புறம் காப்பகத்துல போன் அடிச்சாலே மீட்டர் கக்கூஸுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவார். மழைக்காலம் முடிஞ்சு ஒரு நாள், வாசல்ல டாக்ஸி வந்து நின்னுச்சு. உள்ள அந்தம்மா, பெரியவர், நடுவுல பூட்டு. "போச்சுடி, கொண்டாந்துட்டாங்க"ன்னு மீட்டர் குண்டானுக்குப் பின்னாடி பதுங்கினார்.

"ஊசி போட வந்திருக்காங்க. எந்திரிங்க, மானத்தை வாங்காதீங்க"ன்னு அந்தக்கா கரண்டியால தட்டுச்சு.

ஓடிப் போய் டாக்ஸிக்குள்ள கையை நீட்டினார். தான் சுவரேறிக் குதிச்சுத் தூக்கிட்டு வந்த நாய் இல்லையா? பூட்டு பெரியவர் மடியில ஏறி, மீட்டரைப் பாத்து "உர்ர்ர்"னு பல்லைக் காட்டுச்சு. ஊசி போட்ட டாக்டரம்மா கையைக் கூட நக்குச்சு. மீட்டர் கிட்ட வந்தா மட்டும் உறுமல்.

"எங்க திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேனோன்னு பயப்படுதுடி!" அடுப்படிக்கு ஓடி வந்து பொண்டாட்டி கையைப் புடிச்சு ஒரு சுத்து சுத்தினார். "என்னை யாருன்னே தெரியாதாம்! பாரேன் திமிரை!" அந்தக்காவும் சிரிச்சுது, கண்ணைத் தொடைச்சுக்கிச்சு, வெங்காயத்து மேல பழியைப் போட்டுச்சு.

அன்னைக்கு நாய் பாக்க வந்த அத்தன பேருக்கும் அந்தக் கதைதான். மதியம் வரைக்கும் உறுமுச்சுன்னு சொன்னார். மதியத்துக்கு மேல பாஞ்சுச்சுன்னார். சாயங்காலம் டாக்டரம்மா அந்தப் பக்கம் வந்தப்ப, முழங்கையில பெரிசா ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு, "பல்லு எலும்பு வரைக்கும் எறங்கிருச்சுங்க, நல்ல வீட்டு நாயில்ல?"ன்னு ஒருத்தர்கிட்ட பெருமையா காட்டிக்கிட்டிருந்தார்.