கிளிஞ்சலில் நட்ட கத்திரி

கோட்டைப்பட்டினத்தில் வலைக்கடை வைத்திருக்கிறேன். வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் விற்பேன். ஆனால் என் கையால் இதுவரை ஒரு மீன் பிடித்ததில்லை. படகில் ஏறினால் கரை கண்ணுக்கு மறைவதற்குள் வாந்தி வந்துவிடும். ஒருமுறை கரையில் கட்டிக்கிடந்த படகிலேயே வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் கடலுக்குக் கூப்பிடுவதில்லை. இப்படிப்பட்டவன் மொட்டைமாடியில் மீன் வளர்க்கப்போவதாகச் சொன்னபோது ஊர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

உண்மையில் அது மீனுக்காக ஆரம்பித்ததல்ல, என் மனைவிக்காக. அவள் இலுப்பூர்ப் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டிலோ கிணறும் உப்பு, மண்ணும் உப்பு. வந்த புதிதில் கறிவேப்பிலை வைத்தாள், கருகியது. செம்பருத்தி வைத்தாள், கருகியது. வீம்புக்குக் கள்ளி வைத்தாள். அதுவும் எங்கள் வீட்டைப் பிடிக்காமல் போய்ச் சேர்ந்தது. அவள் தம்பி எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு மூட்டை காய்கறியைத் தோளிலிருந்து இறக்கிவைத்து, "இந்தா அக்கா, உப்புக்காட்டு நிவாரணம்" என்பான். அவன் சிரிப்பான். நானும் மானமில்லாமல் சேர்ந்து சிரிப்பேன். அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தத் தம்பியின் மகளுக்குத் தை மாதம் காதுகுத்து என்று முடிவானது. அத்தை முறைக்கு இவள் சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டும். என்ன வாங்கலாம் என்று கேட்டேன்.

"ஒரு தாம்பாளம் நெறைய கத்திரிக்கா வைக்கணுங்க. நம்ம வீட்டுல காய்ச்சது. கடையில வாங்குனது வேணாம்."

நகை கேட்டிருந்தால் தவணையில் வாங்கியிருப்பேன். கத்திரிக்காயைத் தவணையில் தருகிற கடை இந்த மாவட்டத்தில் இல்லை.

அப்போதுதான் போனில் அந்த வித்தையைப் பார்த்தேன். மீன் தொட்டித் தண்ணீரை மோட்டார் வைத்துச் செடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மீன் கழிவைச் செடி சாப்பிடும். தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பிவிடும். மண்ணே தேவையில்லை. மண் இல்லையென்றால் மண்ணில் உப்பும் இல்லை. படகில் கழித்துப்போட்ட பழைய ஃபைபர் ஐஸ் பெட்டி ஒன்றை மாடிக்கு ஏற்றி, குழாய்த் தண்ணீரைப் பிளீச்சிங் வாடை போகும்வரை வைத்திருந்து ஊற்றி, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். நீல டிரம்களைப் பாதியாக அறுத்துச் செடித் தொட்டி செய்தேன். வேர் பிடிக்க அதில் ஜல்லி நிரப்பச் சொன்னார்கள். கரையில் கிளிஞ்சல் சும்மா கொட்டிக்கிடக்கும் ஊரில் எவனாவது ஜல்லியைக் காசு கொடுத்து வாங்குவானா? மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, உப்புப் போக அலசி, எல்லாத் தொட்டியிலும் நிரப்பினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. படம் எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினேன்.

"என்ன மச்சான், கத்திரிக்குச் சமாதி கட்டிட்டீங்களா" என்று பதில் வந்தது.

ஆனால் செடி பிடித்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே விஷமாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லிலும் கிளிஞ்சலிலும் குடியேறி அந்த விஷத்தைச் செடிக்குச் சோறாக மாற்றுமாம். ஆரம்பத்தில் தண்ணீர் நாறியது. பிறகு ஒருநாள் குனிந்து மோந்தேன், மழை பெய்த தரைபோல வாசம் வந்தது. நான் அந்தக் கிருமிகளை எங்கும் வாங்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. காற்றில் வந்தனவோ, மீனோடு வந்தனவோ. வாடகையும் கேட்காமல் முன்பணமும் கேட்காமல் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டன. என் கடைக்கு ஓர் ஆள் போட எத்தனை பேரிடம் சொல்லிவைத்தும் இன்னும் கிடைத்தபாடில்லை.

கார்த்திகையில் குருத்து வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுவெல்லாம் எலுமிச்சம்பழ மஞ்சள். பசி என்று நினைத்தேன். மீனுக்கு இரண்டு பங்கு தீவனம் போட்டேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.

மனைவி வந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். "பசியா இருந்தா அடியெலைதான மொதல்ல பழுக்கும்? இங்க குருத்துல்ல வெளுக்குது."

"அதுல என்ன இருக்கு?"

"சத்துப் பத்தலைன்னா கெழட்டு எலையிலருந்து உருவி எளசுக்குக் குடுத்துரும். எங்க வயல்ல பாத்துருக்கேன். இது அப்படிக் குடுக்க முடியாத ஏதோ ஒண்ணு."

போனில் தேடினேன். அவள் சொன்னது சரிதான். தழைச்சத்து குறைந்தால் செடி தன் பழைய இலையைக் கரைத்துப் புது இலைக்கு அனுப்புகிறது. கை கிடையாது, கண் கிடையாது, எந்த இலை மூத்தது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இரும்பை மட்டும் அப்படி எடுத்து அனுப்ப அதனால் முடியாதாம். இரும்பு போய் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அடியிலை பச்சையாகச் செழித்திருக்க, குருத்து பட்டினி கிடக்கிறது. செடியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கடையில் இரண்டு பேர் கயிறு வாங்க வந்து திரும்பிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரும்புதானே? துருவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? கடைப் பின்கட்டில் கிடந்த துருப்பிடித்த நங்கூரத்தைக் கயிறு கட்டி மீன் தொட்டிக்குள் இறக்கினேன். நான் கடலுக்குப் போகாவிட்டால் என்ன, நங்கூரமாவது தண்ணீரைப் பார்க்கட்டும்.

"ஐஸ் பொட்டி காத்துல ஓடிரும்னு கட்டிப் போட்டீங்களா?" என்றாள் மனைவி.

குருத்து அசையவில்லை. அறந்தாங்கி உரக்கடைக்குப் போய்த் தண்ணீரில் கரையும்படி பக்குவப்படுத்திய இரும்புத் தூள் வாங்கிவந்து கலக்கினேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது, குருத்தில் லேசாகப் பச்சை தெரிந்தது. வெற்றி என்று மைத்துனனுக்குச் செய்தி அனுப்பிய வாரத்திலேயே மறுபடி வெளுத்தது. வெற்றிச் செய்தியைத் திரும்ப எடுக்க முடியாதபடி அவன் படித்திருந்தான்.

வளர்ப்பு மீன் விற்கிற கடையில் தண்ணீரைச் சோதிக்கிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் புளிப்புக்கு மஞ்சள், நடுவாந்தரத்துக்குப் பச்சை, காரத்துக்கு நீலம். எங்கள் தண்ணீர் பள்ளிக்கூட மை மாதிரி நீலம். காரத் தண்ணீரில் இரும்பு கரைந்து நிற்காது, துருவாகி அடியில் படிந்துவிடும் என்றார் கடைக்காரர். அப்படியானால் புளிப்பைச் சேர்த்தால் ஆயிற்று. வீட்டுக்கு வந்து, மாடியில் வைத்தே ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நீலம் மறைந்து மஞ்சளானது.

"நாளைக்கு அம்பது பழம் வாங்கிப் பிழிஞ்சிரலாம்" என்றேன்.

"மீன உசுரோட ஊறுகா போடுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க" என்றாள்.

அவளுக்கு விளக்கம் சொல்லிக் கையை வீசியதில் செடித் தொட்டியிலிருந்து ஒரு கிளிஞ்சல் தெறித்து டம்ளருக்குள் விழுந்தது. எடுக்கலாம் என்று விரலை விடப்போனவன் நிறுத்தினேன். கிளிஞ்சலின் விளிம்பிலிருந்து ஊசிமுனை அளவில் குமிழிகள் கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். காலையில் போய்ப் பார்த்தபோது டம்ளரில் மஞ்சள் இல்லை. பச்சையாகியிருந்தது, நீலத்தின் பக்கமாகச் சாய்ந்த பச்சை.

அந்தச் சிப்பிப்பூச்சி செத்து எத்தனை காலம் ஆயிற்றோ. கடலிலிருந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிக்கொண்ட வீடு அது. இப்போது புளிப்பைக் கண்டதும் தன்னையே கரைத்து அதை அடக்குகிறது. ஒரு கிளிஞ்சல் ஒரு டம்ளரை மாற்றுகிறது என்றால், நான் மூட்டை மூட்டையாக அள்ளிப்போட்டிருக்கிறேன். கிருமிகள் வேலை செய்யச் செய்யத் தண்ணீர் தானாகவே புளிப்புக்கு வரத்தான் பார்க்குமாம். வரவிடாமல் இத்தனை ஆயிரம் செத்த சிப்பிகளும் சேர்ந்து இராப்பகலாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. நான் கலக்கிய இரும்பு அத்தனையும் செடிக்கு உதவாத துருவாகித் தொட்டிக்குள்தான் கிடந்தது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மனைவி எழுந்து நின்றாள். "இன்னைக்கே பூராத்தையும் அள்ளிக் கொட்டுங்க. ஜல்லி போட்டா இப்பகூட ஒரு தாம்பாளம் தேறும்."

"கொட்டுனா மீன் செத்துப்போகும். கிருமியெல்லாம் அந்தக் கிளிஞ்சல்லதான் குடியிருக்கு."

"அப்ப என் தாம்பாளம்?"

"மீன் செத்தா கத்திரிக்கு யாரு சோறு போடுவா?"

அவள் ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தீவனம் என்று நினைத்து எல்லாக் கெண்டையும் அவள் பக்கம் வாயைத் திறந்துகொண்டு வந்தன. ஒரு பிடி தீவனத்தை எடுத்துப் போட்டாள்.

"ஒவ்வொரு தொட்டியா மாத்துங்க" என்றாள். "காய்க்கிற மட்டும் காய்க்கட்டும்."

கருங்கல் ஜல்லி வாங்கினேன். முதலில் ஒரு கல்லின் மேல் எலுமிச்சை பிழிந்து காத்திருந்தேன். அது கல்லாகவே கிடந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் கிளிஞ்சலை அள்ளிவிட்டு ஜல்லி போட்டேன். அள்ளியதில் கொஞ்சத்தை மட்டும் வலைத்துண்டில் முடிந்து, புது ஜல்லிக்குள் புதைத்து வைத்தேன். கிருமிகள் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு நடந்துபோக வேண்டுமே. பிழைப்புக்காக விற்ற வலையில் நான் பிடித்த முதல் உயிர் அதுதான். கண்ணுக்குத் தெரியாது என்பதால் பெருமையாகக் காட்ட முடியவில்லை. தொட்டிகள் மாற மாற அந்த முடிச்சுகளையும் எடுத்துவிட்டேன். மீன் ஒன்றும் சாகவில்லை. நீலம் மெல்ல மெல்லப் பச்சையானது. மறுபடி கொஞ்சம் இரும்புத் தூள் கலக்கினேன்.

மார்கழி முடிகிற சமயம் ஒரு காலையில் மனைவி மாடியிலிருந்து கூப்பிட்டாள். வெளுத்த இலைகள் வெளுத்தபடியே இருந்தன. அவற்றுக்கு மேலே புதிதாக விரிந்த குருத்து, விரல் நகம் அளவு, நல்ல பச்சை. அவள் அதைத் தொடவில்லை. தொட நினைத்த என் கையையும் தட்டிவிட்டாள்.

காதுகுத்துக்குள் காய்த்தவை ஒரு கையில் அடங்குகிற அளவுதான். ஊதா நிறத்தில், சின்னச் சின்னதாக. அவள் பரணிலிருந்து இருப்பதிலேயே பெரிய தாம்பாளத்தை எடுத்து, நடுவில் அவற்றை வைத்தாள்.

"அறந்தாங்கிச் சந்தையில ரெண்டு கிலோ வாங்கி அடியில போட்டுட்டா நெறைஞ்சு தெரியும்ல?" என்றேன்.

"காலியாத் தெரிஞ்சாத் தெரியட்டும்."

பேருந்தில் வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தாள். மண்டபத்தில் மற்ற தட்டுகளில் பட்டும் பழமும் குவிந்திருந்தன. எங்கள் தாம்பாளத்தில் பித்தளைதான் அதிகம். மைத்துனன் குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"என் வீட்டு மாடியில காய்ச்சதுடா" என்றாள் அவள்.

அவன் ஒரு காயை எடுத்தான். காம்பை நகத்தால் கீறிப் பார்த்தான், மோந்து பார்த்தான், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். கத்திரி போட்டுப் பிழைக்கிறவன். அவனை ஏமாற்ற முடியாது. அதை வைத்துவிட்டு, "அக்கா, நெசமாவா?" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு சமையல்காரரிடம் போய், இதையும் குழம்பில் போடச் சொன்னான்.

பந்தியில் உட்கார்ந்து இலையில் விழுந்த கத்திரித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஊருக்கே சமைத்த அண்டாவில் எங்கள் காய் எங்கே போயிற்றோ.

"நம்ம காய் எதுன்னே தெரியலையே" என்றேன்.

"குழம்பு பூராவும் எறங்கியிருக்கும். பெரட்டாம சாப்புடுங்க" என்றாள். அப்புறம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, தன் இலையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள்.