அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

ஏழாம் வகுப்பு பி பிரிவின் ஆங்கில ஆசிரியைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் பார்க்கலாம். மற்றபடி வாயிற்காவலர் முதல் தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவர் ஃபுல்ஸ்டாப் டீச்சர்தான். வகுப்பில் எந்தச் சண்டை வந்தாலும், "அவ்வளவுதான், ஃபுல்ஸ்டாப்!" என்று சாக்பீஸால் கரும்பலகையில் ஒரு குத்து குத்துவார். சாக்பீஸ் உடையும், சண்டை நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

அந்தக் கரும்பலகையைத்தான் இந்த வருஷம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் இடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்து உட்கார்ந்தது. தலைமையாசிரியை கூட்டம் போட்டு, சிரித்த முகத்தோடு ஒரு விஷயம் சொன்னார். "போர்டைத் தொடாதவங்க அடுத்த வருஷம் பாடம் எடுத்துச் சிரமப்பட வேணாம். புத்தகக் கிடங்கைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்." சொல்லும்போது அவர் கண் யார் மேல் இருந்தது என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கம்ப்யூட்டர் சார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கிடங்குக்கு ஒருவர் போனால் ஏழாம் வகுப்பு ஆங்கிலம் தன் கைக்கு வரும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

டீச்சரும் தொடாமல் இல்லை. முதல் நாளே தொட்டார். பழக்கதோஷத்தில் ஒரு குத்துக் குத்தியும் விட்டார். உடனே பலகைக்குள்ளிருந்து ஒரு ஆள் என்ன பாஷை என்றே தெரியாத பாஷையில் உரக்கப் பேச ஆரம்பித்தான். மூச்சு விடாமல் அரை மணி நேரம் பேசினான். அணைக்க வழி தெரியாமல் டீச்சர் தன் ஷாலைக் கழற்றி அவன் முகத்தை மூடிப் பார்த்தார். அவன் ஷாலுக்குள்ளிருந்தும் பேசினான். கடைசியில் கம்ப்யூட்டர் சார் வந்து, ஒற்றை விரலால் தொட்டு அவனை அடக்கிவிட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னார்: "மேடம், இது சாக்பீஸ் போர்டு இல்லை. கொஞ்சம் மெதுவா." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரும் கூடவே சிரித்தார். உள்ளே பற்றி எரிந்தது.

அன்றிலிருந்து அந்தப் பலகையில் அவர் தொட்டது இரண்டே இடம்தான். ஒன்று, ஓரத்தில் இருக்கும் ஸ்விட்ச். இன்னொன்று, மூலையில் காகிதம் மாதிரி இருந்த ஒரு சின்னப் படம். அதைத் தொட்டால் பலகை முழுக்க வெள்ளைவெளேரென்று ஒரு பக்கம் வரும். சத்தம் கிடையாது, வம்பு கிடையாது. அவருக்குப் பிடித்துப்போனது.

பிடித்ததற்குக் காரணம் வேறு. ஏழு பி இருப்பது கட்டடத்தின் கடைசி மூலையில். புதிதாகக் கட்டிய படிக்கட்டின் சுவர் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. பள்ளி திறந்த மூன்றாம் நாள் அறையின் டியூப் லைட்டும் போய்விட்டது. புகார்ப் புத்தகத்தில் டீச்சர் நாலு முறை எழுதினார். வளாகம் முழுமைக்கும் எலெக்ட்ரீஷியன் ஒரே ஆள். எப்போது கேட்டாலும், "வரிசையில இருக்கு மேடம்" என்பார். வரிசை மட்டும் நகரவே நகராது.

டீச்சரின் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு இதில் ஒரே சந்தோஷம். "விடும்மா. இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தா உன் வகுப்பு மொத்தமும் நம்ம கடைக்குத்தான் வரும்" என்பார்.

ஆக, காலையில் வந்ததும் பலகையைப் போட்டு, வெள்ளைப் பக்கத்தை வரவழைத்துவிட்டால், அறை பளிச்சென்று ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் அவர் பழையபடி புத்தகத்தை விரித்துப் பாடம் நடத்துவார். கணக்கு சார் வருவார், அறிவியல் மிஸ் வருவார், அவர்களும் அதே வெளிச்சத்தில் நடத்துவார்கள். மாலை மணி அடித்ததும் டீச்சர் வந்து அணைப்பார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானை டியூப் லைட்டாக வைத்திருந்த ஒரே வகுப்பு அதுதான்.

இந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பிள்ளைகள் வைத்த பெயர் சைலன்ட். அம்மா பஸ் கண்டக்டர். வண்டிக்குள் அந்த அம்மாளின் குரல் ஏறினால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து சில்லறை தேடுவான். மகளோ அதற்கு நேர்மாறு. ஆங்கில வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் காது சிவக்கும், கழுத்து சிவக்கும், வாய் மட்டும் திறக்காது. ஆறாம் வகுப்பில் ஒரு தடவை ஏதோ சொல்லப்போய் வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. டீச்சரும் ஷால் நாளுக்குப் பிறகு அவளை அதட்டுவதை விட்டுவிட்டார். அந்த வலி எங்கே வலிக்கும் என்று இப்போது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் பலகையில் தூசி படிந்திருக்கிறதென்று துணியைக் கொடுத்து அவளை அனுப்பினார். வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் அவள் போய் நின்றதும் ஆள் தெரியவில்லை, கறுப்பு உருவம் மட்டும்தான் தெரிந்தது. தோளில் பை தொங்கியது. "ஏய், கண்டக்டர் வந்தாச்சு!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். உருவம் திரும்பியது. பிறகு பையைத் தட்டிக்கொண்டு, அச்சு அசலாக அம்மாவின் குரலில், ஆனால் ஆங்கிலத்தில் கேட்டது: "டிக்கெட், டிக்கெட்! ஹூ இஸ் வித்தவுட் டிக்கெட்?"

வகுப்பு வாயைப் பிளந்தது. கத்தியவன் தன்னை அறியாமல் எழுந்து, "சாரி மேடம், ஐ லாஸ்ட் இட்" என்றான். உருவம் அவனை விடவில்லை. எங்கே ஏறினாய், எப்படித் தொலைத்தாய், உன் அப்பா யார் என்று ஆங்கிலத்திலேயே பிடி பிடியென்று பிடித்தது. தப்பும் தவறுமாகத்தான். ஆனால் நிற்காமல்.

டீச்சருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. வெளிச்சத்துக்கு முன்னால் நிற்பவர் முகம் யாருக்கும் தெரிவதில்லை. காது சிவந்தாலும் தெரியாது. முகம் இல்லாதவளைப் பார்த்து யார் சிரிப்பது? மறுநாளிலிருந்து கடைசி இருபது நிமிஷம் நிழல் நேரம் ஆனது. ஒருநாள் ஆஸ்பத்திரி, ஒருநாள் வங்கி, ஒருநாள் காணாமல் போன பெட்டி. வருஷக்கணக்காக வாயில் பூட்டுப் போட்டிருந்த பிள்ளைகளெல்லாம் முன்னால் வந்து வெளுத்துக் கட்டினார்கள். டீச்சர் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே தப்புகளைக் குறித்துக்கொள்வார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பாடம் நடத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கடிதம் வரும்வரை. பலகைகள் தாங்கள் எவ்வளவு நேரம் எரிந்தோம் என்று தாங்களே பள்ளி நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்பது பாவம், டீச்சருக்குத் தெரியாது. ஏழாவது மாதம் அந்தக் கடிதத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. நிர்வாகத்தின் மொத்தப் பள்ளிகளிலும் முதலிடம் ஏழு பி: அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். கம்ப்யூட்டர் சார் தொண்ணூற்று நான்கு. தொழில்நுட்பத்தோடு ஆங்கிலம் கற்பிக்கும் முன்மாதிரி ஆசிரியையின் வகுப்பைப் பார்க்க வியாழக்கிழமை மேலதிகாரி வருகிறார்.

தலைமையாசிரியை டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் சார் பட்டியலை மூன்று முறை படித்துவிட்டு, "எந்த சாஃப்ட்வேர் மேடம் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டார். "அது... வெள்ளையா இருக்கும்" என்றார் டீச்சர்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "குட்டு வெளிப்பட்டா கிடங்குதாங்க. வகுப்பு அந்த ஆள் கைக்குப் போயிடும். அவர் வீடியோவைப் போட்டுட்டு உட்கார்ந்துடுவார். சைலன்ட் மறுபடியும் வாயை மூடிக்குவா."

"லீவு போட்டுடேன். காய்ச்சல்னு சொல்லு."

"வெள்ளிக்கிழமை வருவாங்க."

"அப்ப நிஜமாவே ஏதாவது கத்துக்க" என்றார் கணவர், தப்பிக்க வழியில்லாமல்.

கடைக் கணினியில் நாலு நாள் மாலை உட்கார்ந்து டீச்சர் ஒரு பாடம் தயாரித்தார். இருபத்தெட்டுப் பக்கம். பூ மலரும், பஸ் நகரும், வண்ணத்துப்பூச்சி பறக்கும், ஒரு பெண்குரல் தேன் ஒழுக ஆங்கிலம் பேசும். வண்ணத்துப்பூச்சிக்குக் கண்ணாடி மாட்டலாமா என்று கணவர் கேட்டதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதிகம் பேசாத ஒரு அம்மாள். அறை இருட்டென்று கடைசி நேரத்தில் கண்டுபிடித்த தலைமையாசிரியை, நாடக மேடையிலிருந்து இரண்டு பெரிய விளக்குகளை வரவழைத்துப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே வைத்திருந்தார். டீச்சர் பலகையைத் தொட்டார். பாடம் ஒழுங்காகத் திறந்தது. பூ மலர்ந்தது, பஸ் நகர்ந்தது, பூச்சி பறந்தது. ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் கல்யாண வீடியோ பார்ப்பதுபோல வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாடம் முடிந்ததும் அதிகாரி எழுந்து, பஸ் எங்கே போயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரும் மூச்சு விடவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். நாற்பது பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அவர் பார்வை நகர்ந்து போய் சைலன்ட் மேல் நின்றது. மேடை விளக்கு அவள் முகத்தில் நேராக அடித்தது. காது சிவந்தது, கழுத்து சிவந்தது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு சிரிப்பு தொடங்கியது.

டீச்சரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கிடங்குக்கே போனாலும் பரவாயில்லை என்று, நேரே போய் இரண்டு விளக்குகளையும் அணைத்தார். பலகையில் மூலையைத் தொட்டார். பூவும் பூச்சியும் போய் வெள்ளைப் பக்கம் வந்தது.

"பஸ்" என்றார் டீச்சர். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பெஞ்சுகள் இழுபட்டன, நாலு பேர் முன்னால் ஓடினார்கள். கறுப்பு உருவங்கள் வரிசையாக நின்று ஆடி ஆடிப் பயணம் செய்தன. கடைசியாக, தோளில் பையோடு ஒரு உருவம் வந்தது. "டிக்கெட், டிக்கெட்!" நெரிசலைப் பிளந்துகொண்டு போனவள், ஓரமாக நின்ற தலைமையாசிரியையின் முன்னால் நின்றாள். "யூ, மேடம். டிக்கெட்?"

தலைமையாசிரியை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் தலைமையாசிரியை வெளிச்சத்துக்கு முன்னால் வந்தார். கொண்டையோடு அவரும் ஒரு நிழலானார். "ஐ... ஐ ஃபர்காட்" என்றார். "எவ்ரிபடி ஃபர்கெட்ஸ்! ப்ளீஸ் கெட் டவுன்!" என்றாள் சைலன்ட். வகுப்பு கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. தலைமையாசிரியை இறங்கவில்லை, ஆங்கிலத்தில் சண்டை போட்டார். சைலன்ட் விடவில்லை. இருட்டிலிருந்து அதிகாரியும் ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. மணி அடித்துத்தான் பஸ் நின்றது.

அலுவலக அறையில் அதிகாரி கேட்டார்: "இந்த யோசனை எப்படி வந்துச்சு, டீச்சர்?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். டீச்சருக்கு நாக்கு புரளவில்லை. "டியூப் லைட் எரியலை மேடம். ஏழு மாசமா போர்டைத்தான் விளக்கா வெச்சிருந்தேன். எனக்கு அதுல வேற எதுவும் தெரியாது." தலைமையாசிரியையின் முகம் போன போக்கைப் பார்க்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ஏழு பி ஆங்கிலம் இவரிடமேதான் இருக்க வேண்டும், அடுத்த வருஷமும். டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே இன்னொரு வரி இருந்தது: வகுப்பறைக்கு உடனடியாக ஆறு புதிய விளக்குகள் பொருத்தப்பட வேண்டும், பள்ளி நேரம் முழுவதும் அவை எரிய வேண்டும்.

ஏழு மாதம் வராத எலெக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமை காலையில் ஏணியோடு வந்தார். மதியத்துக்குள் அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது. நிழல் நேரத்துக்கு சைலன்ட் பையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். மூக்கு நுனி வரை தெரிந்தது. "டிக்..." என்றாள். காது சிவந்தது. போய் உட்கார்ந்துகொண்டாள். தலைமையாசிரியை வராண்டாவில் நின்று, விளக்குகளைப் பெருமையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு டீச்சர் கதவைச் சாத்தினார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். விளக்குகளுக்கான பெட்டியைத் திறந்து, ஃப்யூஸ் கட்டையை வெடுக்கென்று பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஆறும் அணைந்தன. பலகைக்கு வேறு லைன். அது பாட்டுக்கு எரிந்தது.

பிறகு ஒழுங்கான ஆசிரியையாக அலுவலகத்துக்குப் போய், புகார்ப் புத்தகத்தில் எழுதினார்: ஏழு பி, விளக்குகள் எரியவில்லை. எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார். "மேலிடத்து வேலைன்னா உடனே வருவேன் மேடம். புத்தகத்துல எழுதினா வரிசைப்படிதான். உங்களுக்கு முன்னாடி இருபத்தாறு இருக்கு."

"கண்டிப்பா வரிசைப்படிதான் வரணும்" என்றார் டீச்சர். "எங்களுக்காக யாரையும் தாண்டிடாதீங்க."

மறுநாள் கடைசி இருபது நிமிஷத்தில் வராண்டா வழியாகப் போன கம்ப்யூட்டர் சாரை, இருட்டான அறையிலிருந்து ஒரு குரல் அதட்டி நிறுத்தி, டிக்கெட் கேட்டது.