இரண்டு வீட்டில் வளர்ந்த பயம்

அக்காவின் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தண்ணீரில் ஊறி வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கி, முட்டிகளில் தோல் வெடித்திருந்த கைகள். கல்யாணமாகி அரியலூருக்குப் போனவள், சில மாதங்களிலேயே வேப்பந்தட்டைக்குத் திரும்பி, பெரியம்மா வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். பருத்தி வெடித்திருந்த சமயம். காற்றில் பஞ்சு இழைகள் மிதந்துகொண்டிருந்தன. மடியில் கிடந்த கைகளை அவள் வேறு யாருடையவையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். சில நிமிடங்கள் முந்திப் பிறந்ததால் அவள் அக்கா. அம்மாவின் அக்காளான பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. பால்குடி மறந்ததும் அக்காவை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் செந்துறையில் அம்மாவிடம் வளர்ந்தேன். விசேஷங்களில் மட்டும் சந்திப்போம். அவள் கூட்டத்தில் நடந்து வரும்போது, நானே எங்கிருந்தோ என்னை நோக்கி வருவதுபோல இருக்கும்.

புகுந்த வீட்டில் அவள் எதைத் தொட்டாலும் கை கழுவினாள். கழுவியது போதவில்லை என்று மறுபடி கழுவினாள். உலையில் அரிசி போடும் நேரம் தாண்டியும் குழாயடியிலேயே நின்றாள். காற்றுக் கருப்பு என்று மந்திரித்துப் பார்த்தார்கள். அக்காவின் கணவர், எங்கள் அத்தான் மட்டும், “குணமாகி வா, நான் எங்கயும் போயிட மாட்டேன்” என்று சொல்லி அனுப்பினார்.

செய்தி கேட்டு ஓடிவந்த அம்மா அந்தக் கைகளைப் பார்த்ததும் பெரியம்மாவிடம் வெடித்தாள். “எம் புள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கே?” பெற்றவளிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த பாவம்தான் இது என்று பெரியம்மாவும் நம்பினாள். அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

எனக்கும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பி பஸ் நிறுத்தம்வரை போயிருப்பேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடைக்கும். திரும்பி ஓடுவேன். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி நடந்தால் மறுபடி அடைக்கும். ஞாபகமறதி என்று சொல்லிச் சமாளித்துவந்தேன்.

அத்தான் விசாரித்துச் சொன்னதன்பேரில் திருச்சியில் ஒரு மனநல டாக்டரிடம் பெண்கள் நால்வரும் போனோம். அம்மாவும் பெரியம்மாவும் பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சொன்னதையெல்லாம் கேட்ட டாக்டர் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எப்படிம்மா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன்.

“உனக்குமாடி?” என்றாள் அக்கா. பல மாதங்களுக்குப் பின் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“அப்ப நான் வளத்தது தப்பில்லையா சார்?” என்று பெரியம்மா கேட்டாள்.

“யார் வளர்ப்பும் தப்பில்லம்மா. ஒரே கரு ரெண்டா பிரிஞ்சு பொறந்தவங்க. இந்தச் சுபாவம் கொஞ்சம் பொறக்கும்போதே கூட வந்திருக்கும். ஒருத்தருக்குக் கை, இன்னொருத்தருக்கு அடுப்பு. ரெண்டு பேரையும் தேத்திடலாம்.”

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா தலை நிமிரவில்லை.

மாத்திரைகளும், கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சியும் மெதுவாகத்தான் வேலை செய்தன. அக்கா அரியலூருக்குத் திரும்பிப் போனாள். அந்தப் பயம் இப்போதும் எங்கள் இருவரையும் எட்டிப் பார்க்கும். போனில், “இன்னைக்கு எப்புடிடி?” என்பாள். “வந்துச்சு, போயிருச்சு” என்பேன்.

ஆனால் திருச்சிக்குப் போன அந்த நாளை நினைத்தால், திரும்பும் வழியில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நேரம்தான் கண்ணில் நிற்கிறது. வெயில் மஞ்சளாகியிருந்தது. அக்கா முன்னாலேயே போய் வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏறியிருந்தாள். நான் செந்துறைக்குப் போக அரியலூர் பஸ்ஸில் ஏறி அம்மாவுக்கு இடம் பிடித்தேன். அம்மா ஏறவில்லை. ஜன்னலோரம் வந்து, “நீ போ. நான் எங்க அக்கா வூட்டுக்குப் போயிட்டு வரேன்” என்றாள். பிறகு, பெரியம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வேப்பந்தட்டை பஸ்ஸை நோக்கி அவளோடு நடந்தாள்.